கடற்கரையில் நால்வர்

திருவல்லிக்கேணிவாசிகளுக்குக் கடற்கரை என்பது வீட்டுத் திண்ணையின் நீட்சி. மாலையில் காலாற நடந்து வடக்கே போனால், சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு எதிரே நான்கு மனிதர்கள் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். 'உழைப்பாளர் சிலை' என்பது நமக்கு ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. அந்த நால்வரை வடித்த கையின் பெயரைக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம்.

அவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இன்றைய வங்க தேசத்திலுள்ள ரங்பூர் வட்டாரத்தில் 1899-இல் பிறந்தவர். ஓவியத்தை அபனீந்திரநாத் தாகூரிடமும் சிற்பத்தை ஹிரண்மய் ராய்சௌத்ரியிடமும் பயின்றவர். 1929-இல் சென்னை அரசு கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அப்பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் இவர்தாம். கைத்தொழில் பயிற்சியே பிரதானமாக இருந்த இடத்தில் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் தனி மரியாதையைத் தேடித் தந்தார். கே.சி.எஸ். பணிக்கரும் மயிலாப்பூரில் பிறந்த எஸ். தனபாலும் இவருடைய மாணவர்கள். குருவின் யதார்த்த பாணியை விட்டு விலகித் தமக்கென வேறு பாதை கண்டவர்கள் அவர்கள். நல்லாசிரியருக்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

மல்யுத்தமும் வேட்டையும் புல்லாங்குழலும் அறிந்தவர். வங்க மொழியில் கதைகளும் எழுதியவர். மனித உடலின் பலத்தை அவர் நேரடியாக அறிந்திருந்தார் என்பதைச் சிற்பங்களே சொல்லும். களிமண்ணில் விரலால் அழுத்தியும் வழித்தும் உருவாக்கிய மேடுபள்ளங்களை மெருகிட்டு மறைக்காமல் அப்படியே வெண்கலத்துக்குக் கொண்டுசென்றார். வெயில் சாயும் வேளையில் அந்த நால்வரின் முதுகைப் பார்த்தால், தசைநார்களில் நிழல் ஏறி இறங்குவது தெரியும்.

1937-இல் ஆங்கில அரசின் விருதைப் பெற்றவர், சுதந்திரத்துக்குப் பின் அந்த அரசின் துப்பாக்கிக்கு இரையானவர்களுக்கும் சிலை வடித்தார். 1942 ஆகஸ்டில் பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்றச் சென்று சுடப்பட்ட ஏழு மாணவர்களின் நினைவுச் சின்னம் அது. 1954-இல் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரானார். 1958-இல் பத்மபூஷண் பெற்றார். மறு ஆண்டு, 1959-இல், உழைப்பாளர் சிலை மெரினாவில் நிறுவப்பட்டது. அதே சாலையில் தெற்கே, கைத்தடியுடன் நடக்கும் காந்தியும் அவர் கைவண்ணமே.

தொழிலாளருக்கு அந்தக் கடற்கரையில் சிலை வைத்தது பொருத்தமானதே. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியபோது நடந்த இரு கூட்டங்களுள் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான் கூடியது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே மணலுக்கு உழைப்பாளி வெண்கலமாய் வந்து சேர்ந்தான்.

ஆங்கிலத்தில் இச்சிலைக்கு 'உழைப்பின் வெற்றி' என்று பொருள்படும் பெயர். ஆனால் நாம் பார்ப்பது வெற்றியையா? பாறை இன்னும் புரளவில்லை. ஒருவர் முகத்திலும் களிப்பில்லை, கொடியில்லை, முழக்கமில்லை. கோவணத்தைத் தவிர உடலில் துணியுமில்லை. தலைவர்களின் சிலைகள் நம்மை நோக்கிக் கைநீட்டிப் பேசுகின்றன. இந்த நால்வரோ நம்மைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வேலையில் இருப்பவனுக்கு வேடிக்கை பார்ப்பவனைப் பார்க்க ஏது நேரம்? வெற்றியென்று பெயரிட்டுவிட்டு முயற்சியை மட்டும் வடித்ததில்தான் ராய் சௌத்ரியின் நேர்மை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பாறை புரண்டுவிட்டதாகக் காட்டியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

கலைப் பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் இச்சிலைக்கு மாதிரிகளாக நின்றதாகச் சொல்வதுண்டு. மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதும் உழைப்புதான். அவர்கள் பெயரை ஊர் அறியாது. 1975-இல் மறைந்த சிற்பியின் பெயரும் மெல்ல அந்த வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கிறது. பெயரற்ற உழைப்பாளிக்குச் சிலை செய்தவருக்கு இது பொருத்தமான முடிவு என்று சமாதானம் சொல்லலாம். நமக்கு அதில் சம்மதமில்லை. அடுத்த முறை நடத்துநர் அந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும்போது, மனசுக்குள்ளாவது சிற்பியின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வோம்.