வாரியத்தில் உழவர் இருக்கை: செம்பரம்பாக்கத்தை முன்வைத்து

அனுபவமுள்ள உழவர் ஒருவரை அரசின் வேளாண் வளர்ச்சி வாரியத்தில் உறுப்பினராக்க வேண்டும் என்பதை இன்று வெளிப்படையாக மறுப்பவர் இல்லை. பிரச்சினை அவர் எந்த வாரியத்தில் உட்காருகிறார் என்பதில் இருக்கிறது. செம்பரம்பாக்கத்தில் பயிர் செய்பவரின் கதியைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை வேளாண்மைத் துறைக்கு வெளியேதான் எடுக்கப்படுகின்றன. உழவருக்கான முதல் இருக்கை அங்கேதான் போடப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நிறைமட்டம் 24 அடி. நெல்லுக்கு நீர் பாய்ச்ச உண்டான இந்த ஏரி இப்போது சென்னையின் குடிநீர் ஆதாரம். நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இங்கே இயங்குகிறது. மேற்கிலும் தென்மேற்கிலும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்பூங்காக்கள் விரிந்துவிட்டன. மதகு நீர்வளத்துறையின் கையில். ஏரி நீர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்துக்குப் போகிறது. தொழிலுக்கு நிலம் திரட்டுவது 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட். எந்தப் புலம் வயலாக நீடிக்கும், எது மனையாகும் என்பதில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் சொல் எடுபடுகிறது. 2022இல் அதன் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. வேளாண்மைத் துறையிடம் மிஞ்சுவது விதை, உரம், இயந்திர மானியம், ஆலோசனை. சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று விடலாமா, நவரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்று கேட்கும் உழவருக்கு அந்தத் துறையின் குழுவில் விடை கிடைக்காது. தண்ணீரும் நிலமும் வேறு மேசைகளில் பேசப்படுகின்றன.

இருக்கை இருந்தும் ஆள் இல்லாத நிலையும் நமக்குப் புதிதில்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் விலையைப் பரிந்துரைக்கும் மத்திய வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் 1965இல் தொடங்கியது. அதன் அமைப்பில் உழவர் சமூகத்தைச் சார்ந்த இரு அலுவல்சாரா உறுப்பினர்களுக்கு இடமுண்டு. அந்த இடங்கள் நெடுங்காலம் நிரப்பப்படாமல் கிடந்திருக்கின்றன. விலையோ ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்டே வந்தது. ஒருவர் இல்லாமலேயே முடிவு செல்லுபடியாகும் என்றால் அவரை நியமிக்க யாருக்கும் அவசரம் வராது. ஆகவே உழவர் உறுப்பினர் இன்றி கூட்டத்தின் குறைவெண் நிறைவேறாது என்ற விதி, நியமனத்தைக் காட்டிலும் முக்கியமானது.

ஏரி இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை வழியே தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. பொறுப்புக் காலம் 360 நாள். பிந்திய கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. கணக்கைப் பற்றிய இந்தக் கண்டிப்பு இன்றைய நியமன ஆணைகளில் வரவேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். ஆனால் இதைப் பொற்காலமாகக் கொண்டாட என்னால் இயலாது. அது பிராமண சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் வேதக் கல்வியும் தகுதிகளாக இருந்தன. சேற்றில் இறங்கி உழுதவர் குடத்துக்குள் போடப்பட்ட ஓலைகளில் இல்லை.

அந்த விலக்கு வேறு உருவில் தொடர்கிறது. முன்னோடி விவசாயி என்று துறை அடையாளம் காண்பவர் பெரும்பாலும் பட்டாதாரர். குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோரைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், வாய்ப்பேச்சில் நடக்கும் குத்தகைகள் பதிவேட்டுக்கு வருவதில்லை. தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் இது கூர்மையான சிக்கல். விலை ஏறக் காத்திருக்கும் நில உரிமையாளருக்கும், இந்தப் பட்டத்துக்குத் தண்ணீர் தேடும் குத்தகையாளருக்கும் நலன் ஒன்றாக இருக்காது. முன்னவரை உழவர் பிரதிநிதி என்று அமர்த்தினால், நிலத்தை விற்பதற்கு ஆதரவான குரல் ஒன்று உழவர் பெயரில் கூடும். எனவே அனுபவத்தைப் பட்டாவால் அளக்கக் கூடாது. கடந்த சில ஆண்டுகளில் அவரே பயிரிட்டாரா என்பதைப் பார்க்க வேண்டும். நாற்று நடுவதிலும் களையெடுப்பதிலும் காலமெல்லாம் நிற்கும் பெண்களும் அப்போதுதான் கணக்கில் வருவார்கள். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை மாவட்டத்துத் தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கியவர். ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தவர். வயலறிவும் பொதுப் பொறுப்பும் ஒருவரிடமே சேரும் என்பதற்கு அவர் போதும்.

நீர் வெளியேற்றம் பொறியாளரின் தொழில்நுட்ப வேலை, அதில் உழவருக்கு என்ன என்று கேட்கலாம். மதகைத் திறக்கும் நுட்பம் பொறியாளருடையதுதான். எவ்வளவு நீரை யாருக்காக இருத்திவைப்பது என்பது பங்கீட்டு முடிவு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் இங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வெளியேறிய பிறகு, அந்தப் பங்கீடு அணைக் குறிப்பேட்டுக்குள் முடங்கும் விஷயமில்லை என்பதை அடையாற்றங்கரை முழுவதும் அறியும். எந்த வரத்துக்கால்வாய் தூர்ந்தது, எங்கே கொட்டிய மண் ஓட்டத்தைத் திருப்பியது என்பதை வரப்பில் நடப்பவர் மழைக்கு முன்பே பார்த்துவிடுகிறார். அதைச் சொல்ல மாதாந்திரக் குறைதீர்க்கும் நாள் கூட்டம் உண்டு. அங்கே அவர் மனுதாரர். ஏரியின் நீர்ப்பங்கீட்டுக் கூட்டத்தில் அவர் உறுப்பினராக வேண்டும்.

இதற்குச் சட்ட வழியும் இருக்கிறது. பாசன அமைப்புகளை உழவர்கள் மேலாண்மை செய்வதற்கான தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களைத் தேர்தல் மூலம் அமைக்க இடம் தருகிறது. அத்தகைய சங்கம் தேர்ந்தனுப்பும் ஒருவர் குடிநீர் வாரியத்திலும் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலும் வாக்குரிமையுடன் அமரட்டும். மேலிருந்து அமர்த்தப்பட்டவர் அமர்த்தியவருக்கே கடன்பட்டிருப்பார். சங்கம் அனுப்பியவரோ அடுத்த பட்டத்துக்குள் மடைக்காரருக்கும் குத்தகையாளருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். குத்தகையாளருக்கும் அந்தச் சங்கத்தில் வாக்கு இருக்கும்படி உறுப்பினர் பட்டியலைத் திருத்துவதிலிருந்து இந்த வேலை தொடங்க வேண்டும்.