அதிர்ச்சி அலை மருத்துவம்

அதிர்ச்சி அலை மருத்துவம் என்பது, நானோநொடிகளில் உச்ச அழுத்தத்தைத் தொட்டு உடனே இறங்கும் ஒலி அலைகளைப் பாய்ச்சிக் கல்லை உடைக்கவும், ஆற மறுக்கும் திசுவை ஆறத் தூண்டவும் செய்யும் சிகிச்சைமுறை. பெயரில் 'அதிர்ச்சி' இருந்தாலும், உடலுக்குள் மின்சாரம் பாய்வதில்லை.

தோலும் தசையும் ஒலியைக் கடத்துவதில் நீரை ஒத்தவை. அலை அவற்றைப் பெரிய சேதமின்றிக் கடந்துவிடும். கல்லையோ எலும்பையோ எட்டியதும் ஆற்றலை அங்கே இறக்கும். காற்று நிறைந்த நுரையீரலில் இதே அலை திசுவைக் கிழித்துவிடும்.

முதல் வெற்றி சிறுநீரகக் கல்லில்தான். 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷௌசி, விமான நிறுவனமான டோர்னியர் செய்த கருவியால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தார். அன்று நோயாளியை நீர்த்தொட்டியில் அமர்த்த வேண்டியிருந்தது. கத்தி வைக்காமல் கல்லைத் துகளாக்கிய அந்தச் சாதனை சிறுநீரக மருத்துவத்தையே மாற்றியது.

ஆற்றலைக் குறைத்தால் அலை எதையும் உடைப்பதில்லை. செல்களைத் தூண்டுகிறது, புதிய இரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. கூடாத எலும்பு முறிவு, தோள்பட்டைத் தசைநாரில் படியும் சுண்ணாம்பு, நாள்பட்ட குதிகால் வலி ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது. குதிகால் வலிக்கு 2000இலும் நீரிழிவுப் பாதப்புண்ணுக்கு 2017இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இத்தகைய கருவிகளை அனுமதித்தது. இதயத் தசைக்கான பயன் இன்னும் ஆய்வு நிலையில்தான்.

பெங்களூரின் பங்கு தனித்துவமானது. இந்திய அறிவியல் கழகத்தின் வான்வெளிப் பொறியியல் துறையில், மீயொலி வேகப் பாய்வை ஆராய அதிர்ச்சி அலைக் குழாய்களை அமைத்தவர்கள் கே.பி.ஜே. ரெட்டி, ஜி. ஜகதீஷ் போன்றோர். அந்த அறிவு உயிரியலுக்கும் வந்தது. நுண்ணுயிரியலாளர் தீப்ஷிகா சக்ரவர்த்தியும் ஜகதீஷும் இடம்பெற்ற குழு, உட்புறம் வெடிபொருள் பூசிய பாலிமர் குழாயில் சிறு அலையை எழுப்பி, ஊசியின்றி எலிகளின் தோல்வழியே சால்மோனெல்லா தடுப்பு மருந்தைச் செலுத்தியது. முடிவு 2011இல் வெளியானது. 2015இல் வெளிவந்த ஆய்வு இன்னும் முக்கியமானது: பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிக் கட்டும் உயிர்ப்படலத்தை அலை குலைத்துவிட, அதுவரை எட்டாத நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்தது. இவை எலிகளில் கண்ட முடிவுகள். மருத்துவமனைச் சிகிச்சையாக இன்னும் எண்ணக்கூடாது.

பெங்களூரின் வைட்ஃபீல்ட் போன்ற புறநகர்ப் பகுதிகளில் பிசியோதெரபி நிலையத்துக்குப் போகிறவர்கள், எவ்வகை அலை தரப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஷாக் வேவ்' என்ற பெயரில் தரப்படுபவற்றுள் ஒரு வகை, அழுத்தக் காற்றால் சிறு உலோகத் துண்டை மோதவிட்டு எழுப்பும் பரவல் அழுத்த அலை. இது மெதுவாக எழும். தோலருகே வலுவாக இருந்து ஆழத்தில் தேய்ந்துவிடும். குதிகாலுக்கு உதவும், ஆழத்து எலும்புக்கு எட்டாது. எவ்வகையானாலும், கர்ப்பிணிக்கு வயிற்றுப் பகுதியிலும், புற்றுக்கட்டி உள்ள இடத்திலும் இந்த அலைகளைப் பாய்ச்சக்கூடாது. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.