பாடியவர்களே எழுதிய பாட்டு

1770-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்தின் எடிஸ் – கில் அச்சகத்திலிருந்து ‘நியூ இங்கிலாந்து சாம் சிங்கர்’ என்ற பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. தேவாலயங்களிலும் பாட்டு வகுப்புகளிலும் நாலு குரலில் பாடுவதற்கான மெட்டுகள், நூற்றிருபதுக்கும் மேல். அத்தனையும் ஒரே ஆள் அமைத்தவை. அவர் வில்லியம் பில்லிங்ஸ், வயது 24, பிழைப்புக்குத் தோல் பதனிட்டுக்கொண்டிருந்தார். முகப்புப் படத்தைச் செதுக்கியவர், பின்னாளில் அமெரிக்கப் புரட்சியில் பெயர்பெற்ற பால் ரிவீர். அதற்குமுன் அமெரிக்கக் குடியேற்றங்களில் பிறந்து அங்கேயே அச்சான மெட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே பில்லிங்ஸை எங்கிருந்தோ முளைத்த தனி மேதையாகக் காட்டுவது வரலாற்றாசிரியர்களுக்கு எளிதாக இருக்கிறது. இலக்கணம் தெரியாத கைத்தொழிலாளியின் முரட்டு முயற்சி, பிறகு படித்தவர்கள் வந்து சரிசெய்தார்கள் என்று சொல்வதும் உண்டு. இரண்டுமே அந்த இசை எப்படி உருவானது என்பதைத் தவறவிடுகின்றன. எழுதியவர், பாடியவர், கற்பித்தவர், புத்தகம் வாங்கியவர், குறை சொன்னவர் எல்லாரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள். இசைக்கு இலக்கணம் வகுத்ததும் அந்த வட்டம்தான். அது கலைந்த ஊர்களில் இசையும் நின்றது.

அந்த வட்டத்தைத் தெரியாமலே உண்டாக்கியவர்கள் மதகுருமார்கள். பியூரிட்டன் தேவாலயங்களில் வாத்தியத்துக்கு இடமில்லை. தாவீதின் சங்கீதங்களை வாயால் பாட வேண்டும், அவ்வளவுதான். 1640-இல் மாசசூசெட்ஸில் அச்சான சங்கீதப் புத்தகத்தில் வரிகள் இருந்தன, மெட்டுகள் இல்லை. 1698 பதிப்பில்தான் சில மெட்டுகள் சேர்ந்தன. இடையில் பழக்கமான வழி, சபையின் மூப்பர் ஒவ்வோர் அடியாகச் சொல்ல மற்றவர்கள் பின்தொடர்ந்து பாடுவது. அடியும் மெட்டும் வாய்க்கு வாய் மாறி, ஆளுக்கொரு போக்கில் இழுத்து, ஒரே சபையில் ஒரே பாட்டு பல பாட்டாக ஒலித்தது. பாஸ்டன் குருமார்கள் இதைச் சகிக்கவில்லை. சுரக்குறிப்பைப் படித்துப் பாடப் பழக்குவோம் என்று கிளம்பினார்கள். ஜான் டஃப்ட்ஸ், தாமஸ் வால்ட்டர் என்ற இரு குருமார்களின் பாடநூல்கள் 1721-இல் வந்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு பாட்டு வாத்தியார்கள் ஊர் ஊராகப் போனார்கள். குளிர்காலத்தில் வயல்வேலை ஓய்ந்ததும் பள்ளிக்கூடத்திலோ விடுதியின் பெரிய அறையிலோ சில வாரங்கள் மாலை வகுப்பு நடக்கும். இளைஞர்களும் இளம்பெண்களும் சேர்ந்து படிப்பார்கள். பில்லிங்ஸ் தம் மனைவியைச் சந்தித்ததே 1774-இல் ஸ்டோட்டன் என்ற ஊரில் நடத்திய வகுப்பில்தான். குருமார்கள் எதிர்பார்த்தது ஒழுங்கான வழிபாடு. கிடைத்ததோ, நாலு குரலையும் தாளில் பார்த்துப் பாடத் தெரிந்து, புதுப் பாட்டு கேட்கும் ஒரு தலைமுறை.

புதுப் பாட்டைக் கொடுத்தவர்களின் தொழில்களைப் பாருங்கள். டேனியல் ரீட் நியூ ஹேவனில் சீப்பு செய்து விற்றவர். டிமதி ஸ்வான் தொப்பி செய்தவர். ஆலிவர் ஹோல்டன் தச்சர். மெயின் மாகாணத்தின் சப்ளை பெல்ச்சர் விடுதி நடத்தியவர். ஜேக்கப் கிம்பல் வழக்கறிஞர். வெர்மான்டில் ஜஸ்டின் மார்கன், இன்றும் அவர் பெயரால் வழங்கும் குதிரை இனத்தின் மூலக் குதிரையை வைத்திருந்தவர். (தமிழ்–ஆங்கில அகராதியால் நமக்குத் தெரிந்த மைரன் வின்ஸ்லோ, யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறும் முன் பிறந்து வளர்ந்ததும் இதே வெர்மான்டில்தான், பிறந்த ஆண்டு 1789, இந்தப் பாட்டு வகுப்புகள் கொடிகட்டிப் பறந்த காலம்.) இவர்களில் எவருக்கும் இசைக்கல்லூரி கிடையாது, அரசவை கிடையாது, சம்பளம் தரும் பேராலயமும் கிடையாது; எல்லாரும் ஆர்வலர்கள். வாத்தியார் ஒரு மெட்டை அமைப்பார். அன்று மாலையே வகுப்பில் பாடிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மாணவர்கள் தம் கையெழுத்து நோட்டில் படியெடுத்துக்கொள்வார்கள், அடுத்த ஊர் வாத்தியாருக்கும் அது போய்ச் சேரும். போதுமான மெட்டுகள் சேர்ந்ததும் முன்பணம் திரட்டிப் புத்தகம் போடுவார்கள். அதில் தம் மெட்டுகளோடு நண்பர்களுடையவையும் இருக்கும். 1786-இல் ரீட், ஏமஸ் டூலிட்டில் என்ற செதுக்குக் கலைஞரோடு சேர்ந்து இசைக்கென்றே ஒரு மாத இதழையும் தொடங்கினார். அதே ஆண்டில் ஸ்டோட்டன் பாடகர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அது இன்றுவரை இருக்கிறது.

இசையின் உட்கட்டமைப்பிலேயே இந்த வட்டத்தின் முத்திரை தெரிகிறது. பிரதான மெட்டு இருப்பது மேல்குரலில் அன்று, ஆண்கள் பாடும் டெனரில். அதை முதலில் எழுதிவிட்டு மற்றக் குரல்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். பியானோ இருந்தால் பத்து விரலையும் வைத்து நாலு சுரமும் ஒருசேர எப்படிக் கேட்கிறது என்று பார்த்துவிடலாம். தோல் கிடங்கில் பியானோ ஏது? சுருதிக் குழல் ஒன்றை ஊதிச் சுருதி பிடித்துக்கொண்டு வாயால் பாடிப் பார்க்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு குரலும் தனக்கென ஒரு மெட்டாகவே நடக்கிறது. கீழ்க்குரலான பேஸைப் பாடும் கொல்லனும் தன் வரியை வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுக்கலாம். ‘ஃப்யூகிங் ட்யூன்’ என்ற வகை இதன் உச்சம். பாதிப் பாட்டுவரை நால்வரும் சேர்ந்து போவார்கள். பிறகு ஒரு குரல் தனியே தொடங்கும், இரண்டாவது குரல் அதே போக்கில் பின்னால் வரும், மூன்றாவது, நான்காவது என்று ஒன்றையொன்று துரத்திக் கடைசியில் கூடி முடியும். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், வெளியே உட்கார்ந்து கேட்பவருக்கு வரி புரியாது. குருமார்களின் புகாரும் இதுவே. பாடுகிறவருக்கோ தம் குரல் நுழையும் அந்த நொடிதான் பாட்டு.

இங்கே கல்வியாளர்களின் ஆட்சேபத்தை நேராகச் சந்திக்க வேண்டும். ஐரோப்பிய இலக்கணப்படி இரண்டு குரல்கள் ச–ப இடைவெளியிலேயே சேர்ந்து நகர்வது பிழை. குரல்களின் தனித்தன்மை கெடும் என்பது காரணம். பில்லிங்ஸிலும் ரீடிலும் இத்தகைய இடங்கள் தாராளம். சுரக்கூட்டின் நடுச்சுரத்தை விட்டுவிட்டுச் ச–ப மட்டும் நிற்கும் வெற்றொலியும் அடிக்கடி வருகிறது. அறியாமைதானே என்றால், ஓரளவு ஆமாம். முதல் புத்தகத்தில் பல மெட்டுகள் அச்சுக்கு ஏற்றவை அல்ல என்று 1778-இல் தம் இரண்டாவது புத்தகத்தின் முன்னுரையில் பில்லிங்ஸே ஒப்புக்கொண்டார். ஆனால் அறியாமை மட்டும் காரணமென்றால் இரண்டு விஷயங்கள் விளங்காமல் போகும். தவறு தெரிந்து திருத்திக்கொள்ளும் ஆள், இந்த வெற்றொலியை மட்டும் கடைசிவரை கைவிடவில்லை; நாற்பது ஐம்பது பேர் வாத்தியமின்றி உரத்துப் பாடும்போது அது கணீரென்று நிற்பதை அவர் காது அறிந்திருந்தது. இரண்டாவது, விமரிசனத்துக்கு அவர் பதில் சொன்ன விதம். முதல் புத்தகத்தில் இனிமை மட்டுமே இருக்கிறது, முரண் சுரங்கள் போதாது என்று சிலர் குறை சொன்னார்கள். 1778 புத்தகத்தில் ‘ஜார்கன்’ என்ற குட்டிப் பாட்டைச் சேர்த்தார்; அது ஏறத்தாழ முழுக்க முரண் சுரங்களால் ஆனது. விதி தெரியாதவரால் விதியை இப்படிக் கேலி செய்ய முடியாது. இன்னோர் ஆட்சேபம், இவையெல்லாம் இங்கிலாந்துச் சரக்கு என்பது. வில்லியம் டான்சர் போன்றவர்களின் புத்தகங்கள் இவர்கள் கையில் இருந்தன, ஃப்யூகிங் வகையும் அங்கிருந்து வந்ததே. மறுப்பதற்கில்லை. ஆனால் டான்சரும் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத் திரிந்தவர்தான். லண்டன் மேட்டுக்குடி இசையிலிருந்து இவர்கள் கடன் வாங்கவில்லை, கடலுக்கு அப்பாலிருந்த தங்கள் கூட்டாளிகளிடமிருந்து வாங்கினார்கள்.

பணக் கதை இதைவிடச் சிக்கலானது. புத்தகம் விற்றுக் காசு பார்த்தவர்களை எப்படி ஆர்வலர்கள் என்று சொல்வது என்று கேட்கலாம். யார் எவ்வளவு பார்த்தார்கள் என்பதைக் கவனித்தால் கேள்வி தானே தளர்கிறது. பில்லிங்ஸ் 1770-இலேயே மாசசூசெட்ஸ் சட்டமன்றத்திடம் தம் புத்தகத்துக்குத் தனியுரிமை கேட்டார், 1772-இல் மறுபடியும் கேட்டார். இரண்டாம் முறை மசோதா அவைகளில் நிறைவேறியது. ஆளுநர் ஹட்சின்சன் கையெழுத்திடவில்லை. மாகாணத்தில் பதிப்புரிமைச் சட்டம் வந்தது 1783-இல். கூட்டாட்சிச் சட்டம் 1790-இல். (கனெக்டிகட்டில் ஆண்ட்ரூ லா 1781-லேயே தமக்கெனத் தனி உரிமை வாங்கிவிட்டார், சாமர்த்தியசாலி.) இடைப்பட்ட காலத்தில் ‘செஸ்டர்’ உள்ளிட்ட பில்லிங்ஸின் சிறந்த மெட்டுகள் ஊரெல்லாம் பரவி, பிறர் புத்தகங்களில் ஏறிவிட்டன. ஐசாயா தாமஸ் 1786-இல் அச்செழுத்துகளைக் கோத்தே இசைக்குறிப்பை அச்சிடத் தொடங்கியதும், மக்களுக்குப் பிடித்த மெட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த மலிவான தொகுப்புகள் பெருகின. ஒருவருடைய மெட்டுகளை மட்டும் கொண்ட புத்தகத்தை யார் வாங்குவார்கள்? பில்லிங்ஸ் தெருத்துப்புரவு, தோல் சோதனை, திரியும் பன்றிகளைப் பிடிப்பது என்று நகராட்சி தந்த சில்லறை உத்தியோகங்களைப் பார்த்தார். 1794-இல் அவருடைய கடைசிப் புத்தகம், நொடித்துப்போனவருக்கு உதவுவதற்காகப் பாஸ்டன் பாடகர்கள் முன்நின்று கொண்டுவந்தது. 1800-இல் இறந்தபோது அடையாளக் கல்கூட இல்லாமல் பாஸ்டன் பொதுத்திடலின் இடுகாட்டில் புதைத்தார்கள். பகிர்வு அவருக்குப் புகழைக் கொடுத்துச் சோற்றைப் பறித்தது என்பது உண்மை. நான் அதைப் பூசி மெழுக விரும்பவில்லை. ஆனால் பகிர்வு இல்லாதிருந்தால் அவருக்குச் சோறு கிடைத்திருக்கும் என்று நினைப்பதும் தவறு. நோட்டிலிருந்து நோட்டுக்குப் போகாத மெட்டை எந்தப் பாட்டு வகுப்பும் கேட்டு வாங்கியிருக்காது.

வட்டத்தை உடைத்தது பதிப்புத் திருட்டைவிட ரசனை மாற்றமே. 1790-களில் ஆண்ட்ரூ லா அமெரிக்க மெட்டுகளை இழித்து ஐரோப்பிய ‘விஞ்ஞான’ இசையைத் தூக்கிப்பிடித்தார். அந்தப் போக்குக்கு வெற்றி தேடித்தந்தவர் லோவல் மேசன். 1822-இல் பாஸ்டனின் ஹேண்டல்–ஹைடன் சங்கம் வெளியிட்ட அவருடைய தொகுப்பில் ஹைடன், மோட்சார்ட் மெட்டுகளைத் தேவாலயப் பாட்டுக்கு இணங்க வெட்டியமைத்த பகுதிகள் இருந்தன. முதல் பதிப்பில் தொகுத்தவர் பெயர் இல்லை. காரணம் வேடிக்கையானது. அப்போது மேசன் சவானா நகரத்தில் வங்கி ஊழியர். இசைக்காரன் என்று பெயர் வாங்க விரும்பவில்லை. ஆர்வலர்களின் இசையை ஓரங்கட்டிய புத்தகத்தையே ஓர் ஆர்வலர்தான் தொகுத்திருக்கிறார். ஆனால் அவர் எழுதியது வேறு காதுக்காக. மெட்டு மேல்குரலுக்குப் போனது. கீழே இருப்பவர்கள் அதைத் தாங்கும் தூண்களானார்கள். விசைப்பலகையில் வாசிப்பவர் நாலையும் ஒருசேர வாசித்துவிடலாம். மேசனின் மகன்களில் ஒருவர் வைமாரில் லிஸ்ட்டிடம் பியானோ பயின்றார், இன்னொருவர் 1854-இல் மேசன் அண்டு ஹாம்லின் என்ற வாத்தியக் கம்பெனியைக் கூட்டாகத் தொடங்கினார். வீட்டில் பியானோ, கோயிலில் ஆர்கன் என்று வந்தபின் தச்சரின் மெட்டுக்கு இடம் எங்கே? ரீடே முதுமையில் ஐரோப்பிய இலக்கண நூல்களைப் படித்துத் தம் பழைய கருத்துகளை மாற்றிக்கொண்டார். நியாயமாகச் சொன்னால் மேசனால் நன்மையும் உண்டு. 1838-இல் பாஸ்டன் அரசுப் பள்ளிகளில் இசைப்பாடம் நுழைந்தது அவர் முயற்சியால். பாடத் தெரிந்த குழந்தைகள் பெருகினார்கள், மெட்டமைக்கத் துணியும் பெரியவர்கள் குறைந்தார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி ஆகவில்லை என்பதே என் வாதத்துக்கு வலுவான சான்று. 1801-இல் வில்லியம் லிட்டில், வில்லியம் ஸ்மித் என்ற இருவரின் ‘ஈஸி இன்ஸ்ட்ரக்டர்’ முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என நாலு வடிவங்களால் சுரங்களைக் காட்டியது. அரைகுறையாகப் படித்தவரும் பார்த்த மாத்திரத்தில் பாடலாம். நகரத்தார் அதைப் படிக்காதவன் எழுத்து என்று ஒதுக்கினார்கள். அந்த வடிவங்களோடு நியூ இங்கிலாந்து மெட்டுகள் தெற்கே போயின. 1844-இல் ஜார்ஜியாவில் பி. எஃப். வைட்டும் ஈ. ஜே. கிங்கும் தொகுத்த ‘சேக்ரெட் ஹார்ப்’ அவற்றைப் புதிய தெற்கத்தி மெட்டுகளோடு கோத்தது. அந்தப் புத்தகத்தைப் பாடுபவர்கள் நாலு குரலாகப் பிரிந்து, நடுவே வெற்றிடம் விட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சதுரமாக உட்காருவார்கள். கேட்பவர்களுக்கென்று ஒரு பக்கமே ஒதுக்கப்படவில்லை. மதப்பற்றாலும் பழமைமோகத்தாலும் மட்டுமே இது பிழைத்திருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் இவர்கள் பழையதை மட்டும் பாடிக்கொண்டிருக்க வேண்டும். 1991 பதிப்பைத் தயாரித்தவர்கள் பில்லிங்ஸ் காலத்து மெட்டுகளுக்குப் பக்கத்தில், அப்போது உயிரோடிருந்த பாடகர்கள் அமைத்த மெட்டுகளையும் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்றான ‘லாயிட்’ என்ற மெட்டை அமைத்தவர் ரேமண்ட் ஹாம்ரிக். ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்தில் நகைக்கடை வைத்துக் கடிகாரம் பழுதுபார்த்தவர்.