கழிமுகமும் அணைக்கட்டும்: வெள்ளாற்றங்கரையில் சூழலியற் கல்வி

சேலத்து மலைகளில் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறெனப் பெயர் பெற்று, விருத்தாசலத்தைத் தழுவி வரும் மணிமுக்தா நதியைக் கூடலையாற்றூரில் ஏற்றுக்கொண்டு, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் சற்றே தயங்கி நின்று, பரங்கிப்பேட்டையருகே கடலிற் சங்கமிக்கின்றன. இந்நதியின் இறுதிச் சில மைல்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கே அமைந்த விசேஷத்தால், ஆராய்ச்சியுலகம் நன்கறிந்த கழிமுகமாயின. மேலுள்ள ஆறோ பொறியியலாரின் கணக்கேட்டுக்கும் உழவரின் கவலைக்கும் உரியதாய் நின்றுவிட்டது. இப்பாகுபாடு ஆற்றினுடையதன்று, சர்வகலாசாலைத் துறைகளுடையது. ஆதலின் சூழலியல் மாணவன் தன் பாடத்தை அணைக்கட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது என் வாதம்.

கொள்ளிடத்து நீர் கீழணையிற் பிரிந்து, வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்புகிறது. சோழர் காலத்து அவ்வேரியிலிருந்து 2004 முதல், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்ற திட்ட அளவில், சென்னைக்கும் குழாய்வழி நீர் செல்கிறது. உபரியில் ஒரு பகுதி சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றை அடைகிறது. ஆயக்கட்டு உழவரும் பட்டணத்துக் குடும்பங்களும் தம் பங்கை வாய்விட்டுக் கேட்பர். ஏரிநீர் முழங்காலளவு நிற்குமாயின் நாரைக்கும், ஆளுயரம் நிற்குமாயின் முக்குளிப்பானுக்கும் அனுகூலம் என்பதை மட்டும் மதகடியில் எடுத்துரைப்பார் இல்லை.

மதகுக் கணக்கு ஜீவராசிகளின் சாஸ்திரமாகுமோ என்று ஆட்சேபிப்பார்க்குப் பிச்சாவரத்து அலையாத்திக் காடே பிரத்தியட்சப் பிரமாணம். அக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டிய பழைய நிர்வாக முறையால், நிழலிழந்த சேற்றுநிலம் வறண்டு தாழ்ந்து தொட்டிபோலாகி, ஓதத்தோடு வந்த நீர் வடியாமல் தேங்கி, உப்பு மிகுந்து, கன்று முளைக்கவும் இடமில்லாது போயிற்று. நட்டும் பிழைக்காத அவ்விடத்தில், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்து வடிய வழிசெய்த பின்னரே காடு தழைத்தது. வனவியல் தோற்ற இடத்தில் வாய்க்கால் வென்றது என்று சொல்லத் தோன்றினாலும், அது வாய்க்காலறிந்த வனவியலின் வெற்றியே. நன்னீர் வரவு குறையுந்தோறும், உவர்ப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் ஓங்கச் சுரபுன்னை ஒடுங்குகிறது. அந்த நன்னீரின் ஒரு பகுதிக்குத் திறவுகோல் சேத்தியாத்தோப்பில் இருக்கிறது.

1991-இல் உச்சநீதிமன்றம் பணித்ததன் பயனாகச் சுற்றுச்சூழற் பாடம் கல்லூரி வகுப்புகளில் நுழைந்துவிட்டது; நுழைந்தது தேர்வு மண்டபத்தை விட்டு வெளியே வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதை வெளியே கொணர, ஆடி தொடங்கித் தை முடிய ஒரு மாணவன் அணைக்கட்டில் நீர்மட்டத்தையும் கதவு திறந்த நேரத்தையும் குறிக்கட்டும்; மற்றொருவன் அதே நாட்களிற் பரங்கிப்பேட்டையில் உவர்ப்பை அளக்கட்டும். வாய்மொழித் தேர்வில் அவ்விருவரையும் ஒருங்கே அமர்த்தி, ஒருவன் ஏட்டிலிருந்து மற்றவனைக் கேள்வி கேட்கலாம்.