எழுபத்தைந்து ரூபாய் உபகாரச் சம்பளம்

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக அமர்ந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜனுக்கு, சென்னைச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்தைக் கோரும் யோக்கியதை விதிப்படி இருக்கவில்லை. அந்த உபகாரச் சம்பளம் எம்.ஏ. தேறியவர்களுக்கு உரியதாயிருக்க, இவரோ பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. பரீட்சையிலேயே தவறியவர்.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித வித்வான் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தை, விண்ணப்பக் கலையின் சிகரமென்றே நான் கருதுகிறேன். தம் குமாஸ்தா உத்தியோகத்தையும் சொற்பச் சம்பளத்தையும் கலாசாலைக் கல்வி இல்லாத குறையையும் ஒளிக்காமல் உரைத்துவிட்டு (வயதை மட்டும் இரண்டு குறைத்து, ஏறக்குறைய 23 என்றார்), தம் தகுதியை வர்ணிக்காமல், பக்கம் பக்கமாகத் தேற்றங்களையே சாட்சியாக அடுக்கினார்.

அடுத்த மாதம் சென்னைக்கு வந்த வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர், ராமானுஜனுடைய கணிதங்களைக் கண்டு வியந்து, மறுநாளே சர்வகலாசாலைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். விதி தடுக்கிறதென்று சர்வகலாசாலையின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் சிலர் ஆட்சேபித்தும், ஆராய்ச்சியை வளர்ப்பதும் சர்வகலாசாலைச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று என்ற வாதம் வென்றது. மாதம் 75 ரூபாய், இரண்டாண்டுகளுக்கு. கைம்மாறாக மூன்று மாதத்துக்கொருமுறை ஆராய்ச்சி அறிக்கை. முதல் அறிக்கையை ஆகஸ்டிலேயே சமர்ப்பித்துவிட்டார்.

1914-இல், சென்னையில் உபந்நியாசம் செய்ய வந்திருந்த கேம்பிரிட்ஜ் கணித வித்வான் நெவில் சர்வகலாசாலைப் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தின் பயனாக, ராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்று ஆராய ஆண்டுக்கு 250 பவுன் கிடைத்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்திலிருந்த அவர் குடும்பத்துக்குப் போயிற்று.