விடுதித் தொலைபேசி மோசடி: திருகோணமலைத் துறைமுகப் பகுதி

விடுதித் தொலைபேசி மோசடி என்பது, வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவரை அவர் தங்கியிருக்கும் இடத்தின் பெயரையே சொல்லித் தொலைபேசியில் ஏமாற்றும் குற்றம். அழைப்பவர் வரவேற்பு மேசையில் இருப்பவராகவோ, முன்பதிவு நிறுவனத்தின் ஊழியராகவோ, படகுக்காரராகவோ, பொலிஸ் அதிகாரியாகவோ நடிப்பார். அவருக்கு வேண்டியது வங்கி அட்டையின் எண், கைத்தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் கடவு எண், அல்லது அந்த நிமிடமே அனுப்பப்படும் ஒரு தொகை.

திருகோணமலையில் மோட்டல் என்ற சொல் அவ்வளவாகப் புழங்குவதில்லை. 1925இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில், காரில் வருவோருக்காகக் கட்டிய விடுதிக்கு மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டி வைத்த பெயர் அது. இலங்கையில் வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தவை வாடிவீடுகள். இன்று அந்த இடத்தில் லொட்ஜ், கெஸ்ட் ஹவுஸ், ஹோம்ஸ்டே என்ற பலகைகள் தொங்குகின்றன. கோணேசர் கோயிலுக்கு வரும் அடியார்கள், கொழும்பிலிருந்து இரவு ரயிலேறி விடிகாலையில் வந்து இறங்குவோர், துறைமுகத்தை ஒட்டிய ஆலைகளுக்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் வேலைக்கு வருவோர் ஆகியோர் நகருக்குள் தங்குகிறார்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வெளிநாட்டுப் பயணிகளும், பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் நம்மவர்களும் அறைகளை நிரப்புகிறார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாதவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒரே கூரையின் கீழ் கூடும் இடம் விடுதி. குரலை வைத்து ஆளை அடையாளம் காணும் வாய்ப்பு அங்கே மிகக் குறைவு. மோசடிக்காரர் நம்பியிருப்பதும் அதைத்தான்.

இந்த மோசடியின் பழைய வடிவம் மிக எளிமையானது. உள்ளகத் தொலைபேசி உள்ள ஹோட்டலுக்கு வெளியிலிருந்து ஒருவர் அழைத்து, "212க்குக் கொடுங்கள்" என்கிறார். பெயரைக் கேட்காமல் மேசையில் இருப்பவர் இணைத்துவிடுகிறார். நள்ளிரவு தாண்டிய நேரம். அறையில் மணி அடிக்கிறது. "ரிசெப்சனிலிருந்து பேசுகிறோம், கணினி பழுதாகிவிட்டது, உங்கள் கடனட்டை எண்ணை இன்னொரு தடவை சொல்ல முடியுமா? இந்த நேரத்தில் தொல்லை கொடுத்ததற்கு அறை வாடகையில் கொஞ்சம் கழித்துவிடுகிறோம்" என்கிறது பணிவான குரல். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எண்ணையும், காலாவதித் திகதியையும், அட்டையின் பின்னாலுள்ள மூன்று இலக்கங்களையும் சொல்லி முடித்துவிட்டு மறுபடி படுத்துவிடுகிறார். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பயணிகளுக்கு விடுத்த எச்சரிக்கைகளில் இந்த நள்ளிரவு அழைப்பு இடம்பெற்றிருக்கிறது. அறைக் கதவின் கீழே செருகப்படும் போலி பீட்சாக் கடைத் துண்டுப்பிரசுரமும் அதே எச்சரிக்கையில் உண்டு. அதிலுள்ள எண்ணுக்கு அழைத்துச் சாப்பாடு சொன்னால் அட்டை விவரம்தான் போகும், சாப்பாடு வராது.

அறைத் தொலைபேசியில் வரும் குரலுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை 2009இல் அமெரிக்காவில் அம்பலமான பிராங்நெட் என்ற குழு காட்டியது. அவர்கள் தேடியது பணம் அல்ல, குரூரமான வேடிக்கை. ஹோட்டல் ஊழியரைப் போலவும் தீயணைப்புக் கருவி நிறுவனத்தைப் போலவும் பேசி, வாயுக் கசிவு என்று பயமுறுத்தி, தங்கிய அறையின் கண்ணாடிகளையே விருந்தினர் உடைக்கும்படி செய்தார்கள். படித்தவர்களும் பயணப் பழக்கம் உள்ளவர்களும் அதற்குப் பணிந்தார்கள். ஏமாந்தவரை முட்டாள் என்று சொல்வது நியாயமற்றது. புது இடத்தில் இருப்பவர் அங்கே பொறுப்பில் உள்ள குரலுக்குக் கட்டுப்படுவது இயல்பு. அந்த இயல்புதான் இங்கே களவாடப்படுகிறது.

உப்புவெளியில் ஐந்தாறு அறைகள் மட்டுமே உள்ள ஒரு விருந்தினர் வீட்டில் இந்தத் தந்திரம் அப்படியே செல்லாது. பெரும்பாலான அறைகளில் தொலைபேசியே கிடையாது. உரிமையாளரின் கைத்தொலைபேசிதான் வரவேற்பு மேசை, கணக்குப் பிரிவு, சுற்றுலா முகவரகம் எல்லாம். அந்த ஒரே எண் பெயர்ப்பலகையிலும், முகநூல் பக்கத்திலும், கூகுள் வரைபடத்திலும், முச்சக்கர வண்டிக்காரரின் கையிலும் இருக்கிறது. ஆகவே மோசடி வட்ஸ்அப்பில் வருகிறது. விடுதியின் படத்தை முகப்பில் வைத்த புதிய எண்ணிலிருந்து, "அண்ணாவின் பழைய நம்பர் வேலை செய்யவில்லை, முற்பணத்தை இந்தக் கணக்குக்குப் போடுங்கள்" என்ற செய்தி வரலாம். திமிங்கிலம் பார்க்கும் படகுக்கோ, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்கோ இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லி முழுத் தொகையும் கேட்கலாம். புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். நுழைவுச்சீட்டை வழங்குவது வனசீவராசிகள் திணைக்களம். அந்தக் கட்டணத்தைத் தனியார் ஒருவரின் கணக்குக்கு முன்கூட்டியே கேட்பவரை உடனே சந்தேகிக்க வேண்டும்.

இலங்கையில் வங்கிகளுக்கிடையே காசு உடனுக்குடன் போய்ச்சேரும் செஃப்ட்ஸ் முறை 2015இல் தொடங்கியது. வர்த்தகத்துக்கு அது பெரிய வசதி. மோசடிக்கும் அதே வேகம் கிடைத்தது. காசு போய்ச்சேர்ந்த சில நிமிடங்களில் இன்னொரு கணக்குக்கு மாற்றப்பட்டுவிடும். தவறை உணர்ந்து வங்கிக்குப் போகும் நேரத்தில் அந்தக் கணக்கு காலியாகியிருக்கும்.

மிக ஆபத்தான வகை, விருந்தினரின் உண்மையான முன்பதிவு விவரத்தோடு வரும் அழைப்பு. பெயர் சரி, வருகைத் திகதி சரி, அறை வகையும் சரி. இவ்வளவும் தெரிந்தவர் விடுதிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். 2025 மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இதன் பின்னணியை விளக்கியது. புக்கிங்.கொம் என்ற முன்பதிவுத் தளம் அனுப்பியதைப் போன்ற மின்னஞ்சல் ஒன்று விடுதி ஊழியருக்கு வருகிறது. ஒரு விருந்தினர் மோசமான மதிப்புரை எழுதியிருப்பதாகவோ, கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றோ அதில் இருக்கும். இணைப்பை அழுத்தினால், நீங்கள் மனிதர்தான் என்று உறுதிப்படுத்தச் சில விசைகளை அழுத்தச் சொல்கிறது ஒரு பக்கம். அப்படி அழுத்தும்போது ஊழியரே தம் கையால் கடவுச்சொல் திருடும் நிரலைக் கணினிக்குள் இறக்கிவிடுகிறார். 2024 டிசம்பரில் தொடங்கிய இந்தத் தாக்குதலின் இலக்குகளில் தெற்காசிய விடுதித் துறையும் இருந்தது. இவ்வாறு விடுதியின் கணக்கு திருடர் கைக்குப் போனால், விருந்தினருக்கு வழக்கமாகச் செய்தி வரும் அதே பெட்டியில், "24 மணி நேரத்துக்குள் அட்டையை உறுதிப்படுத்தாவிட்டால் முன்பதிவு ரத்து" என்று எழுதலாம். தொடர்ந்து தொலைபேசியிலும் பேசலாம்.

பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை. மரியட் குழுமத்தின் ஸ்டார்வுட் முன்பதிவுத் தரவுத்தளம் ஊடுருவப்பட்டது 2018 நவம்பரில் வெளியானபோது, மறைகுறியாக்கம் செய்யப்படாத கடவுச்சீட்டு எண்கள் மட்டுமே ஐம்பது இலட்சத்துக்கு மேல் வெளியேறியிருந்தன. லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம். ரிசோர்ட்ஸ் 2023 செப்டெம்பர் தாக்குதலால் தனக்கு ஏற்பட்ட பாதிப்பைச் சுமார் 10 கோடி டொலர் என்று கணக்கிட்டது. ஊழியரைப் போல நடித்து உதவி மேசைக்கு எடுத்த ஒரு தொலைபேசி அழைப்பில் அது தொடங்கியதாகச் செய்திகள் வந்தன. சிறிய விருந்தினர் வீடு அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் வட்ஸ்அப்பில் படமாக வாங்கித் தொலைபேசியிலேயே விட்டுவைக்கும் பழக்கம் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கப்பட வேண்டும். அந்தத் தொலைபேசி தொலைந்தால், அந்தப் பருவத்தில் வந்துபோன எல்லோருடைய படமும் போகும்.

லொட்ஜ் அறையையே சிறையாக்கும் வகையும் உண்டு. இந்தியாவில் அதை டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்கள். 2024 ஒக்டோபரில் ஹைதராபாத்தில் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்யும் ஒருவருக்கு, மும்பைப் பொலிஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பு வந்தது. பணச் சலவை வழக்கில் அவர் பெயர் இருப்பதாக மிரட்டி, வீட்டாரிடம் எதையும் சொல்லாமல் அமீர்பேட்டையில் ஒரு லொட்ஜில் அறை எடுக்க வைத்தார்கள். சுமார் 30 மணி நேரம் தொலைபேசியை அணைக்க விடாமல் கண்காணித்தார்கள். அழைப்பு தற்செயலாகத் துண்டிக்கப்பட்ட இடைவெளியில் அவர் சைபர் குற்றப் பொலிஸைத் தொடர்புகொண்டதால் சேமிப்பு தப்பியது. அந்த மாத இறுதியில் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில் இந்த மோசடியைக் குறித்து எச்சரித்தார். தொலைபேசி வழியாகக் கைது செய்யும் அதிகாரம் பொலிஸுக்கு இந்தியாவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை. விடுதி நடத்துவோர் இந்த நிகழ்வை மறக்கக் கூடாது: பொதியில்லாமல் தனியே வந்து, தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி, சாப்பாட்டுக்கும் வெளியே வராத விருந்தினரின் கதவை ஒரு தடவை தட்டி, "தேத்தண்ணி கொண்டுவரட்டா?" என்று கேட்பது ஒருவரின் ஆயுட்காலச் சேமிப்பைக் காப்பாற்றக்கூடும்.

விடுதி மோசடிக்காரரின் தளமாகவும் மாறலாம். 2024 ஜூனில் இலங்கைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீர்கொழும்பு, மாதிவெல, பத்தரமுல்ல பகுதிகளில் 137 இந்தியர்களை ஒன்லைன் நிதி மோசடிச் சந்தேகத்தில் கைதுசெய்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கண்டிக்கு அருகே குண்டசாலையில் ஒரு ஹோட்டலைச் சுற்றிவளைத்த பொலிஸார் நூற்றுக்கு மேற்பட்ட சீனர்களையும் நூற்றுக்கணக்கான கைத்தொலைபேசிகளையும் பிடித்தார்கள். பருவம் முடிந்து அறைகள் வெறிச்சோடிக் கிடக்கும் மழை மாதங்களில், மொத்த விடுதியையும் வாடகைக்குக் கேட்பவரின் ஆவணங்களைச் சரியாகப் பார்ப்பது உரிமையாளரின் பாதுகாப்புக்கும் நல்லது.

தற்காப்பில் திருகோணமலையின் சிறு விடுதிகளுக்குப் பெரிய ஹோட்டல்களைவிட ஒரு வசதி அதிகம். சந்தேகமான அழைப்பு வந்தால், அதை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து உரிமையாளரிடம் நேரே கேட்கலாம். அவர் சமையலறை வாசலிலோ, மரத்தடிக் கதிரையிலோ இருப்பார். இருபது அடி நடந்தால் உண்மை தெரியும். தொலைபேசித் திரையில் தெரியும் எண்ணைக் கொண்டு மட்டும் முடிவெடுக்க முடியாது. திருகோணமலையின் 026 குறியீட்டோடு வந்தாலும், திரையில் வேறொரு எண்ணைக் காட்டித் தரும் தொழில்நுட்பம் இருக்கிறது. திரும்ப அழைப்பதாயின் அறை எடுக்கும்போது கையில் வாங்கிய எண்ணுக்கே அழைக்க வேண்டும். கூகுள் வரைபடத்திலுள்ள எண்ணும் மாற்றப்படலாம். 2018இல் மகாராஷ்டிராவில் வங்கிக் கிளைகளின் எண்களை வரைபடத்தில் மாற்றிவைத்து வாடிக்கையாளரை ஏமாற்றியிருக்கிறார்கள். அறைக் காசை இயந்திரத்தில் அட்டையைச் செருகிக் கொடுத்த பிறகு, அதன் எண்ணை வாய்மொழியாகக் கேட்கும் தேவை எந்த விடுதிக்கும் இல்லை. ஓ.டி.பி. எண்ணைக் கேட்கும் உரிமை வங்கி ஊழியருக்குக்கூட இல்லை.

விடுதி தரப்பில் செய்ய வேண்டியது, வெளியிலிருந்து வரும் அழைப்பை அறை எண்ணுக்கு இணைக்காமல் விருந்தினரின் முழுப் பெயரைக் கேட்பது. அறைக் கதவின் பின்புறம் ஒட்டும் தாளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் விடுதியின் ஒரே எண்ணையும் ஒரே வங்கிக் கணக்கையும் எழுதலாம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய தாள், கண்டியிலிருந்து யாத்திரை வந்த மூதாட்டிக்கோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துக்கோ உதவாது.

இலங்கையில் இத்தகைய குற்றங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் பொருந்தும். காசு போனது தெரிந்தவுடன் முதல் அழைப்பு, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள வங்கி எண்ணுக்குப் போக வேண்டும். பொலிஸ் நிலையத்துக்குப் போவது அதற்கு அடுத்தது. பொலிஸ் அவசர எண் 119. சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1912. சேர்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும், 2006இல் தொடங்கிய கணினி அவசர உதவி நிறுவனத்தின் எண் 101. வட்ஸ்அப் கணக்குப் பறிபோனால், சொந்த சிம் உள்ள தொலைபேசியில் அதே எண்ணை மறுபடி பதிவுசெய்ய, திருடரின் பக்கத்தில் கணக்கு மூடப்படும். அழைப்பு வந்த நேரம், எண், காசு போன கணக்கின் இலக்கம், செய்திகளின் திரைப்பிடிப்புகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தால் முறைப்பாட்டை எழுதும் அதிகாரிக்கு அதிலிருந்து தொடங்க முடியும்.