பல்லறை ஒலி அமைப்பு

பல்லறை ஒலி அமைப்பு என்பது ஒரு வீட்டின் பல அறைகளில் ஒரே இசையை ஒரே நேரத்திலோ, ஒவ்வோர் அறையிலும் வெவ்வேறு இசையையோ ஒலிக்கச் செய்து, அவை அனைத்தையும் ஓரிடத்தில் இருந்து கட்டுப்படுத்த உதவும் மின்னணு அமைப்பு ஆகும். இது பல வேளைகளில் வீட்டுத் திரையரங்கு அமைப்புடன் இணைத்தே அமைக்கப்படுகின்றது. இரண்டும் ஒரே ஒலிபெருக்கிகளைப் பகிர்ந்துகொள்ளக் கூடும் எனினும், இவற்றின் நுட்பத் தேவைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. பல அறைகளில் ஒலி ஒத்திசைய வேண்டுமாயின் அது சிறிது காத்திருந்து ஒலிக்க வேண்டும். திரைப்படத்தின் ஒலியோ படத்துக்குப் பின்தங்காமல் உடனே ஒலிக்க வேண்டும். வலையமைப்பு சார்ந்த கருவிகளின் ஆயுள் அவற்றின் வன்பொருளை விட மென்பொருளையே பெரிதும் சார்ந்திருப்பதும் இத்தகைய அமைப்பைத் தெரிவு செய்வதில் கருதத்தக்கதாகும்.

வரலாறு

தொடக்ககாலப் பல்லறை அமைப்புகள் கம்பிகளைக் கொண்டு அமைக்கப்பட்டன. ஓர் அறையில் உள்ள இசைக்கருவித் தொகுதியில் இருந்து பிற அறைகளின் ஒலிபெருக்கிகளுக்குச் சுவர் வழியே கம்பிகள் கொண்டு செல்லப்பட்டன. டென்மார்க் நாட்டின் பேங் அண்டு ஒலுஃப்சன் நிறுவனம் 1980களில் இவ்வகை இணைப்பு முறைகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் எம்பி3 கோப்புகளும் வீட்டுக் கணினி வலையமைப்புகளும் பரவியதால் இத்துறை மாற்றம் பெற்றது. அமெரிக்காவின் சிலிம் டிவைசஸ் நிறுவனம் கணினியில் உள்ள இசையை வலையமைப்பு வழியாக ஒலிக்கும் சிலிம்பி3 என்னும் கருவியை 2001இல் வெளியிட்டது. இதன் வழிவந்தவை இசுக்குவீசுபாக்சு கருவிகள். ஆப்பிள் நிறுவனம் 2004இல் ஏர்போர்ட் எக்ஸ்பிரசு கருவியுடன் ஏர்டியூன்சு வசதியை அறிமுகப்படுத்தியது. இது 2010இல் ஏர்பிளே எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2002இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நிறுவப்பட்ட சோனோசு நிறுவனம் தனது முதல் கருவியை 2005இல் விற்பனைக்கு அனுப்பியது. கூகிள் நிறுவனத்தின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வெளிவந்து, 2019இல் கைவிடப்பட்டது.

வகைகள்

பல்லறை ஒலி அமைப்புகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

மையக் கம்பி அமைப்பு: ஆம்பிளிஃபையர் என அறியப்படும் மிகைப்பிகள் அனைத்தும் ஓரிடத்தில் வைக்கப்பட்டு, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒலிபெருக்கிக் கம்பி செல்லும். கம்பியின் மின்தடை ஒலிபெருக்கியின் மின்தடுப்பில் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 10 மீட்டர் தொலைவுக்குச் சென்று திரும்பும்போது ஏறத்தாழ 0.23 ஓம் தடையைத் தருகின்றது. இது 8 ஓம் ஒலிபெருக்கிக்கு ஏற்கத்தக்கது.

வலையமைப்பு அமைப்பு: ஒவ்வோர் ஒலிபெருக்கியும் தனக்குள்ளேயே மிகைப்பியையும் சிறு கணினியையும் கொண்டிருக்கும். ஒலி, ஒய்-ஃபை அல்லது ஈதர்நெட் வழியாகத் தரவாக வந்து சேரும். சுவரை உடைக்காமல் நிறுவலாம் என்பது இதன் நன்மை. எனினும் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் அருகில் மின்செருகி தேவை.

கலப்பு அமைப்பு: கம்பியால் இணைந்த சாதாரண ஒலிபெருக்கிகளுக்கு வலையமைப்பு வசதி கொண்ட மிகைப்பியோ, ஏவி ரிசீவரோ ஒலியை வழங்கும்.

நேர ஒத்திசைவு

இரண்டு கருவிகள் ஒரே பாடலை ஒரே கணத்தில் தொடங்கினாலும், அவை தொடர்ந்து ஒன்றாகச் செல்லும் என்று கூற முடியாது. ஒவ்வொரு கருவியும் தனது குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பைக் கொண்டே நேரத்தை அளவிடுகின்றது. இரு படிகங்களுக்கு இடையே பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால், ஒரு நிமிடத்தில் 3 மில்லி நொடியும், ஒரு மணி நேரத்தில் 180 மில்லி நொடியும் விலகல் ஏற்படும். அடுத்தடுத்த அறைகளில் இது தெளிவான எதிரொலியாகக் கேட்கும்.

இதனைத் தவிர்க்க, ஒலித்தரவின் ஒவ்வொரு பகுதியுடனும் அது ஒலிக்க வேண்டிய நேரம் குறித்து அனுப்பப்படுகின்றது. கருவிகள் தமக்குள் செய்திகளைப் பரிமாறிக் கடிகாரங்களை ஒப்பிட்டுக் கொள்கின்றன. முந்திச் செல்லும் கருவி தனது வேகத்தைச் சிறிது குறைத்துக் கொள்ளும். தரவு வலையமைப்பில் தடைப்பட்டுத் தாமதமாக வந்தாலும் ஒலி அறுபடாமல் இருக்க, அது முன்கூட்டியே இடையகம் எனப்படும் நினைவகப் பகுதியில் சேர்த்து வைக்கப்படும். முதல் தலைமுறை ஏர்பிளே முறையில் இந்த முன்சேமிப்பு ஏறத்தாழ 2 நொடி ஆகும். இசை கேட்பவருக்கு, பொத்தானை அழுத்திய பின் 2 நொடி கழித்துப் பாடல் தொடங்குவது பெரிய குறை அன்று.

தேவைப்படும் துல்லியம் பயன்பாட்டுக்கு ஏற்ப மாறுபடும். ஒரே ஒலி ஏறத்தாழ 30 மில்லி நொடிக்குள் இரு முறை வந்தால், மனிதச் செவி அதனை ஒரே ஒலியாகவே பெரும்பாலும் உணர்கின்றது. இதனைச் செருமானிய ஆய்வாளர் எல்முட் ஆசு 1949இல் விளக்கினார். ஒலி 1 மீட்டர் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லி நொடி ஆவதால், 7 மீட்டர் தள்ளியுள்ள மற்றோர் அறையின் ஒலி இயல்பாகவே 20 மில்லி நொடி பிந்தி வருகின்றது. ஆகவே அறைகளுக்கு இடையே சில மில்லி நொடி விலகலைப் பொறுத்துக்கொள்ள முடியும். ஆனால் ஒரே அறையில் இடம், வலம் என இரு தனிக் கருவிகள் இருப்பின், 1 மில்லி நொடி விலகலே பாடகரின் குரல் ஒரு பக்கமாக நகர்ந்து விட்டது போன்ற உணர்வைத் தரும்.

வீட்டுத் திரையரங்குடன் இணைத்தல்

திரைப்படத்தில் உதட்டசைவும் குரலும் பொருந்த வேண்டும். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, ஒலி படத்துக்கு 45 மில்லி நொடி முந்தினாலோ, 125 மில்லி நொடி பிந்தினாலோ பார்வையாளர் வேறுபாட்டை உணரத் தொடங்குகின்றனர். முந்தி வரும் ஒலியை மனிதர் விரைவில் கண்டறிகின்றனர். மின்னலுக்குப் பின்னரே இடி கேட்பது போல, இயற்கையில் ஒளியே முதலில் வந்தடைவதால், பிந்தி வரும் ஒலி அவ்வளவு உறுத்துவதில்லை.

இசைக்குப் போதுமான 2 நொடி முன்சேமிப்பு இங்கு முற்றிலும் பொருந்தாது. படத்தையும் ஒலியையும் ஒரே கருவி அனுப்புமாயின், படத்தையும் அதே அளவு தாமதப்படுத்தி இதனைச் சரிசெய்யலாம். நிகழ்பட ஆட்டங்களில் இவ்வழி பயன்படாது; ஆடுபவரின் கையசைவுக்கும் திரைக்கும் இடையே இடைவெளி விழுந்து விடும். எனவே இணைப்பு அமைப்புகள் இரு வழிகளைக் கையாள்கின்றன. தொலைக்காட்சி உள்ள அறைக்கு ஒலி குறைந்த தாமதத்துடன், கம்பி வழியாகவோ தனிப்பட்ட கம்பியில்லா இணைப்பிலோ செல்லும். அதே ஒலியைச் சமையலறைக்கும் அனுப்பினால், அங்கு அது சிறிது பிந்திக் கேட்கும்.

தொலைக்காட்சியில் இருந்து ஒலியைப் பெறும் வழியும் முதன்மையானது. 1983இல் தோசிபா உருவாக்கிய ஒளியிழை இணைப்பு இருதட ஒலியையோ, சுருக்கப்பட்ட 5.1 தட ஒலியையோ கொண்டு செல்லும். 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4 சீர்தரத்துடன் வந்த ஆர்க் வசதி இதே பணியைப் படக்கம்பியிலேயே செய்கின்றது. 2017இல் எச்.டி.எம்.ஐ. 2.1 சீர்தரத்துடன் வந்த இ-ஆர்க், சுருக்கப்படாத பல்தட ஒலியையும் கொண்டு செல்லும். புளூடூத் இணைப்பில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி நொடிக்கு மேல் இருப்பதால், திரைப்படத்துக்கு அது ஏற்றதன்று.

5.1 அமைப்பில் முன்புற இட, வல ஒலிபெருக்கிகள் நடுக்கோட்டில் இருந்து 30 பாகையிலும், சூழொலிபெருக்கிகள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருத்தல் வேண்டும். இவை அமர்பவரின் இருக்கையை மையமாகக் கொண்டு அளக்கப்படுபவை. நடமாடிக்கொண்டே இசை கேட்பவருக்கு இத்தகைய இட ஒழுங்கு தேவையில்லை.

ஆயுளும் மென்பொருள் ஆதரவும்

நல்ல ஒலிபெருக்கி பல பத்தாண்டுகள் உழைக்கக் கூடியது. அதனுள் கணினியை வைத்த பின்னர், அதன் ஆயுளை நிறுவனத்தின் வழங்கிகளும் செயலிகளும் முடிவு செய்யத் தொடங்கின. பின்வரும் நிகழ்வுகள் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும்.

• சோனோசு தனது பழைய கருவிகள் சிலவற்றுக்கு 2020 மே மாதத்துடன் புதிய வசதிகளை நிறுத்தியது. அக்கருவிகளைப் புதிய தலைமுறைக் கருவிகளுடன் ஒரே அமைப்பில் சேர்த்து இயக்க முடியாமல் போனது. 2024 மே மாதத்தில் வெளியிட்ட புதிய செயலியில், முன்பிருந்த பல வசதிகள் இல்லாததால் பயனர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2025 சனவரியில் அதன் தலைமைச் செயல் அலுவலர் பதவி விலகினார்.
• சோனோசின் காப்புரிமைகளைக் கூகிள் மீறியது என அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் 2022 சனவரியில் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து, ஏற்கனவே விற்கப்பட்ட கூகிள் ஒலிபெருக்கிகளிலும், குழுவின் ஒலியளவை ஒருசேர மாற்றும் வசதி நீக்கப்பட்டது.
• 2025 மார்ச்சில் குறியாக்கச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால் குரோம்காஸ்ட் ஆடியோ கருவிகள் செயலிழந்தன. கூகிள் திருத்தம் வெளியிட்ட பின்னர் அவை மீண்டும் இயங்கின.
• இசுக்குவீசுபாக்சு கருவிகளின் உற்பத்தியை லாஜிடெக் 2012இல் நிறுத்தியது. 2024இல் அதன் இணைய வழங்கியும் மூடப்பட்டது. ஆயினும் வீட்டுக் கணினியில் இயங்கும் வழங்கி மென்பொருள் திறந்த மூல மென்பொருளாக இருந்தமையால், தன்னார்வலர்கள் அதனை லிரியன் மியூசிக் சர்வர் என்னும் பெயரில் தொடர்ந்து மேம்படுத்துகின்றனர். பழைய கருவிகள் இன்றும் பாடுகின்றன.

தெரிவு செய்தல்

இத்தகைய அமைப்பைத் தெரிவு செய்யும்போது பொதுவாகக் கருதப்படுபவை பின்வருமாறு.

• முதன்மைப் பயன்பாடு இசையா, திரைப்படமா என்பது. திரைப்படமெனில் வரவேற்பறையில் ஏவி ரிசீவரோ, இ-ஆர்க் வசதியுள்ள சவுண்ட்பாரோ கொண்டு தொடங்கி, பிற அறைகளைப் பின்னர் சேர்ப்பது எளிது.
• வீட்டின் கட்டுமானம். கான்கிரீட், செங்கல் சுவர்களில் 5 கிகா எர்ட்சு அலைகள் 2.4 கிகா எர்ட்சு அலைகளை விட மிகுதியாக வலுவிழக்கின்றன. புதிய வீடு கட்டுவோர் ஒவ்வோர் அறைக்கும் ஈதர்நெட் கம்பிக்கும் ஒலிபெருக்கிக் கம்பிக்கும் குழாய் பதித்து வைப்பது பயனளிக்கும்.
• இணையம் துண்டிக்கப்பட்டாலும் வீட்டில் உள்ள கோப்புகளை ஒலிக்க முடியுமா என்பது.
• ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கருவிகளில் இயங்கும் முறைகளை ஏற்கின்றதா என்பது. 2018இல் வெளிவந்த ஏர்பிளே 2 பல நிறுவனங்களின் ஒலிபெருக்கிகளில் உள்ளது. ஆனால் அனுப்பும் கருவி பெரும்பாலும் ஆப்பிளுடையதாக இருக்க வேண்டும். சினாப்காசுட்டு போன்ற திறந்த மூல மென்பொருள்கள் சிறு கணினிகளைக் கொண்டே பல்லறை அமைப்பை உருவாக்க உதவுகின்றன.
• அனலாக் உள்ளீடு. இவ்வசதி உள்ள ஒலிபெருக்கியை, உற்பத்தியாளர் செயலியைக் கைவிட்டாலும், வேறொரு கருவியுடன் கம்பியால் இணைத்துப் பயன்படுத்தும் வாய்ப்பு உண்டு.

கலப்பு அமைப்பில் ஒலிபெருக்கியும் கணினிப் பகுதியும் தனித்தனியே இருப்பதால், மென்பொருள் ஆதரவு முடிவுற்றால் கணினிப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். ஒலிபெருக்கிகளும் சுவரில் பதித்த கம்பிகளும் அப்படியே பயன்படும்.

இவற்றையும் பார்க்க

• ஒலிபெருக்கி
• வீட்டுத் திரையரங்கு
• சூழொலி
• திறந்த மூல மென்பொருள்